50 கே.பி.க்குள் ஒரு முகம்

டிஜிட்டல் புகைப்படத்தின் எடை, அதில் நிற்பவரின் எடையைப் பொறுத்தது அல்ல. புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 12 மெகாபிக்சல் கேமரா உள்ள சாதாரணக் கைபேசி ஒருமுறை கண்சிமிட்டினால், 4000-க்கு 3000 என்ற கணக்கில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் சேரும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். எண் ஒன்றுக்கு ஒரு பைட். ஆக மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 எம்.பி. கைபேசி தானாகவே இதைச் சுருக்கி மூன்று, நான்கு எம்.பி.யாக்கித்தான் உள்ளே வைத்துக்கொள்கிறது. அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் வங்கிப் பணித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 20 கே.பி.க்குக் குறையாமலும் 50 கே.பி.க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். எம்.பி. தொகுதிப் பக்கமே வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாட்டில், எம்.பி. உள்ளே வரவே கூடாது என்று கதவைச் சாத்தும் ஒரே இடம் இந்த விண்ணப்பத் தளம்தான்.

கடைசித் தேதியின் இரவில், பதினொன்றே முக்கால் மணிக்கு, விண்ணப்பதாரர் இந்த வரியை முதல்முறையாகப் படிக்கிறார். அதன்பின் அவர் செய்யும் காரியங்கள் மூன்று வகைப்படும். கைபேசியில் படத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது முதல் வகை. நெற்றிக்கு மேலே 'பேட்டரி 14 சதவீதம்' என்ற தகவலும் படத்தோடு சேர்ந்து வரும். படத்தைக் கணினித் திரையில் வைத்து இன்னொரு கைபேசியால் படமெடுப்பது இரண்டாம் வகை. திரையின் வரிகளும், எடுத்தவரின் நிழலும் இதில் இலவசம். வாட்ஸ்அப்பில் மச்சானுக்கு அனுப்பி, 'அதை எனக்கே திருப்பி அனுப்பு' என்று கேட்பது மூன்றாம் வகை. மச்சான் தூங்கியிருந்தால் இந்த வகை பலிக்காது. மூன்று வழிகளிலும் எடை குறையத்தான் செய்கிறது. போனது கொழுப்பா, எலும்பா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

'போட்டோவைச் சின்னதாக்கணும்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருப்பதுதான் குழப்பத்துக்கு மூல காரணம். மார்கழி மாதத்தில் கோலம் போடும் வீடுகளில் இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 15 புள்ளிக் கோலத்தை 7 புள்ளியில் அடக்கிப் போடுவது ஒன்று. அதே 15 புள்ளிக் கோலத்தை மாவு மிச்சம் பிடித்து மெல்லிய இழையாகப் போடுவது இன்னொன்று. முன்னதில் வாசல் இடம் மிச்சம்; பின்னதில் டப்பாவில் மாவு மிச்சம். புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது ரீசைஸ். இருக்கிற புள்ளிகளைக் குறைந்த பைட்டுகளில் எழுதி வைப்பது கம்ப்ரஸ். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் 15 புள்ளிக் கோலத்தை ஒரு சிட்டிகை மாவில் போட வேண்டிவரும்.

இது வெறும் உவமை அல்ல, கணக்கும் அதையே சொல்கிறது. 36 எம்.பி.யை அளவு மாற்றாமல் 50 கே.பி.க்குள் திணிப்பதென்றால் 720 மடங்கு சுருக்க வேண்டும். அப்படித் திணித்த முகத்தில் கண் எது, கண்ணாடி எது என்று பெற்ற தாயும் சொல்ல மாட்டாள். மாறாக, விண்ணப்பத்திலேயே பரிந்துரைக்கும் 200-க்கு 230 என்ற அளவுக்கு முதலில் இறக்கினால் இருப்பவை 46,000 புள்ளிகள்தான். மூன்றால் பெருக்கினால் 1,38,000 பைட். இதை 50 கே.பி. ஆக்க மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருக்கினால் போதும். முகத்துக்குத் தெரியாமலே வேலை முடிந்துவிடும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் வெட்டு, பிறகு அளவு, கடைசியில் சுருக்கம். பிரவுசிங் சென்டரில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். அங்கே கூட்டம் அதிகம்.

வெட்டுவது என்றால் கிராப். கைபேசியை நிமிர்த்தி எடுத்த படத்தில் அகலமும் உயரமும் 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும். விண்ணப்பத்துக்கு வேண்டியதோ 200-க்கு 230. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்காமல், விகிதப் பூட்டைக் கழற்றிவிட்டு எண்களை நேரடியாகத் தட்டினால் மென்பொருள் மறுப்பு சொல்லாமல் கேட்கும். முகம் மட்டும் 16 சதவீதம் அகலமாகிவிடும். எண்ணெயில் போட்ட அப்பளம் பொரிவதைப் போலக் கன்னங்கள் இரு பக்கமும் விரியும். ஊரில் உள்ள ஹால் டிக்கெட்டுகளில் இருப்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் பூசினாற்போலத் தெரிவதற்கு இதுவே காரணம், அரிசிச் சோறு அல்ல. வேண்டிய விகிதத்தில் கட்டம் போட்டு முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டியெடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே கிடையாது. பின்னால் கொடியில் காயும் துண்டும் அதோடு ஒழியும்.

வெட்டி முடித்த படம் 2000-க்கு 2300 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். அதை 200-க்கு 230 ஆக்கும்போது, பழைய படத்தின் நூறு புள்ளிகள் கூடிப் புதிய படத்தில் ஒரே ஒரு புள்ளியாக வேண்டும். அந்த ஒன்று எந்த நிறம் என்பதை எப்படி முடிவு செய்வது? நூறில் ஒன்றை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு மீதி 99-ஐ வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஒரு முறை. 'அருகிலுள்ள புள்ளி' முறை என்று அதற்குப் பெயர். வேகமான முறைதான். ஆனால் பிடிபட்ட புள்ளி மூக்குத்தியின் மினுமினுப்பாக இருந்துவிட்டால் மூக்கே வெள்ளையாகிவிடும். நூறு பேரையும் கேட்டுச் சராசரி எடுப்பது அடுத்த முறை. நூறு பேரைக் கேட்பதோடு நில்லாமல் அக்கம்பக்கத்தாரையும் விசாரித்து, கிட்ட இருப்பவர் சொல்லுக்கு அதிக மதிப்பும் எட்ட இருப்பவர் சொல்லுக்குக் குறைந்த மதிப்பும் கொடுப்பது பைக்யூபிக், லான்சோஸ் போன்ற முறைகள். பின்னது ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் கொர்னேலியஸ் லான்சோஸின் பெயரைத் தாங்கியது. மென்பொருளில் இப்படிப் பல பெயர்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், குறைப்பதற்கு லான்சோஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதை அறிய ஒரு கட்டம் போட்ட லுங்கி போதும். நெருக்கமான கோடுகள் உள்ள துணியைச் சரியாகச் சராசரி எடுக்காமல் சிறிதாக்கினால், துணியில் இல்லவே இல்லாத பெரிய அலைகள் படத்தில் தோன்றும். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்த தாத்தாவின் இடுப்பில் திடீரென்று கடல் கொந்தளிக்கும். பட்டுப்புடவையின் சரிகைக் கரை, ஜன்னல் கொசுவலை, கோபுரத்தின் நெருங்கிய சிற்பங்கள் எல்லாம் இந்த ஆபத்துக்கு உட்பட்டவை. கோடுகள் புள்ளிகளைவிட நெருக்கமாகும்போது எந்தக் கோடு எந்தப் புள்ளியில் விழுகிறது என்ற கணக்கு தப்பிப்போவதால் வருவது இது. நல்ல மென்பொருள் முதலில் கோடுகளைச் சற்று மங்கவைத்துவிட்டுத்தான் குறைக்கும். அதனால் வந்த மங்கலைப் போக்கக் கடைசியில் கொஞ்சம் கூர்மை ஏற்றுவார்கள். கொஞ்சம் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஷார்ப்பன் பொத்தானை இரண்டு முறைக்கு மேல் அழுத்தினால் தலையைச் சுற்றி வெள்ளை விளிம்பு கிளம்பி, எழுத்தர் பணிக்கு விண்ணப்பிப்பவர் ஒளிவட்டம் பெற்ற மகானாகக் காட்சியளிப்பார்.

சிறிதாக்குவதில் இத்தனை நுணுக்கம் இருக்க, பெரிதாக்குவதில் ஒரே ஒரு நுணுக்கம்தான்: செய்யக் கூடாது. இல்லாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்பும். காதணி விழா ஃபிளெக்ஸ் பேனர்கள் இதற்கு ஊர்தோறும் சாட்சி. தாய்மாமன் படம் கேட்டால் அவர் தன் வாட்ஸ்அப் முகப்புப் படத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வார். 640 புள்ளி அகலமுள்ள அந்தப் படத்தை 10 அடி அகலத்துக்கு இழுத்தால் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் உளுந்து. ஆக, தாய்மாமன் உளுந்து பரப்பிச் செய்த ஓவியமாகத் தெருமுனையில் நிற்பார். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் பாதகமில்லை. பேனருக்குக் கீழேயே நின்று செல்ஃபி எடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படும்போதுதான் பிரச்சினை.

டி.பி.ஐ. என்ற மூன்றெழுத்து இந்த இடத்தில் குறுக்கிடும். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது அச்சிடும்போது மட்டும் பொருள் உள்ள கேள்வி. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட 413-க்கு 531 புள்ளிகள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். திரையில் பார்க்கும் படத்துக்கு டி.பி.ஐ. என்பது கோப்பின் நெற்றியில் ஒட்டிய சீட்டு. 72 என்று இருந்ததை 300 என்று திருத்தினால் சீட்டுதான் மாறும், படத்தில் ஒரு புள்ளியும் கூடாது. விசிட்டிங் கார்டில் பட்டம் சேர்த்துக்கொள்வது போலத்தான்.

இனி சுருக்கம். உலகில் எடுக்கப்படும் புகைப்படங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் சுருக்கி வைப்பது ஜேபெக் என்ற முறை. 1986-இல் கூடிய நிபுணர் குழு ஒன்று பேசிப் பேசி, 1992-இல் அதைத் தரநிலையாக வெளியிட்டது. நிபுணர் குழு ஒன்று ஆறு ஆண்டுகளில் ஒரு முடிவுக்கு வந்ததே அபூர்வம். அந்த முடிவு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைப்பது அதைவிட அபூர்வம். அதன் உள்ளே இருக்கும் இயந்திரம் இன்னும் பழையது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-இல் இந்த யோசனைக்கு நிதி கேட்டு அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று பரிசீலித்தவர்களில் ஒருவர் கருதினார், நிதி கிடைக்கவில்லை. அகமது விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டார். ஆக, நம் விண்ணப்பங்களுக்கான படத்தைச் சுருக்கும் வித்தையே ஒரு நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்திலிருந்து பிறந்ததுதான். நடராஜன் என்ற பெயரைக் கண்டதும் தமிழ் வாசகர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அதில் தவறில்லை.

ஜேபெக் முதலில் கை வைப்பது நிறத்தில். மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு நுட்பமாகத் தெரியும். நிற வேறுபாடு அவ்வளவு நுட்பமாகத் தெரியாது. விழித்திரையில் வெளிச்சத்துக்கு மட்டும் மசியும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி. நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். இந்தப் பலவீனத்தை அறிந்துகொண்ட ஜேபெக், படத்தை வெளிச்சம் ஒன்று, நிறம் இரண்டு என்று மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று பங்கிட்டுக் கொடுக்கிறது. இதிலேயே பாதி எடை போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆனால் படம் மிகச் சிறியதாக இருந்தால் தெரியும். 200 புள்ளி அகலப் படத்தில் நெற்றிக் குங்குமம் நான்கு புள்ளிதான் இருக்கும். அதன் சிவப்பை அக்கம்பக்கத்தோடு பங்கிட்டால் விளிம்பு கலங்கிப் பொட்டு வியர்வையில் வழிந்தாற்போல ஆகிவிடும். சிறிய படங்களைச் சேமிக்கும்போது நிறத்தைக் குறைக்காதே என்று சொல்லும் வசதி நல்ல மென்பொருள்களில் உண்டு. அதைத் தேடி அழுத்துபவரை அனுபவசாலி என்று ஒப்புக்கொள்ளலாம்.

அடுத்து, படத்தை 8-க்கு 8 என்று 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக அறுக்கிறது. இங்குதான் அகமதுவின் வித்தை நுழைகிறது. ஒரு கட்டத்தை 64 தனித்தனிப் புள்ளிகளாகப் பார்க்காமல், 64 விதமான அலை வடிவங்களின் கலவையாகப் பார்ப்பது அது. சாம்பாரை ஒரு வாய் ருசித்துவிட்டு, மல்லி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு, வெந்தயம் ஒரு சிட்டிகை என்று பிரித்துச் சொல்லும் பாட்டியின் திறமைக்கு நிகரானது. பாட்டிக்கு அஞ்சறைப் பெட்டி. ஜேபெக்குக்கு அறுபத்துநான்கறைப் பெட்டி. முதல் அறையில் இருப்பது அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். பக்கத்து அறைகளில் மெல்ல ஏறி இறங்கும் அலைகள். கடைசி அறைகளில் கருப்பு வெள்ளையாகப் படபடவென்று மாறும் மிக நுண்ணிய அலைகள். கன்னம், வானம், வெள்ளைச் சுவர் போன்றவற்றில் முதல் நாலைந்து அறைகளில் மட்டும் சரக்கு இருக்கும்; மற்றவற்றில் பெருங்காயம் இருந்த வாசனைதான்.

இதுவரை நிறத்தில் செய்த சிக்கனம் தவிரப் பெரிதாக எதுவும் தொலையவில்லை. தொலைவது இனிமேல். ஒவ்வோர் அறையில் உள்ள எண்ணையும் ஓர் அட்டவணையில் குறித்த எண்ணால் வகுத்து, கிட்ட இருக்கும் முழு எண்ணாக்குகிறார்கள். தரநிலையோடு வந்த மாதிரி அட்டவணையில் முதல் அறைக்கு 16, கடைசி அறைக்கு 99. 23 என்ற எண்ணை 16-ஆல் வகுத்தால் ஒன்றரைக்கும் குறைவு. எனவே ஒன்று என்று எழுதிவைப்பார்கள். படத்தைத் திறக்கும்போது அந்த ஒன்றை 16-ஆல் பெருக்கினால் வருவது 16. மீதி ஏழு எங்கே? டவுன் பஸ்ஸில் 23 ரூபாய் டிக்கெட்டுக்கு முப்பது ரூபாய் கொடுத்தவர் கண்டக்டரிடம் கேட்கும் அதே ஏழு. 'சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்குங்க' என்பார் கண்டக்டர். இறங்கும்போது பஸ் எந்த வேகத்தில் கிளம்பும் என்பது பயணிக்குத் தெரியும். நுண்ணிய அலைகளின் அறைகளில் வகுக்கும் எண் பெரிது. இருக்கும் எண்ணோ சிறிது. எனவே அவை மொத்தமாகப் பூஜ்யமாகிவிடும். தலைமுடியின் இழை, புடவையின் நெசவு, தாடியின் மூன்று நாள் வளர்ச்சி எல்லாம் குடியிருப்பது அந்த அறைகளில்தான்.

அதன்பின் மிஞ்சியதை எழுதிவைக்கும் வேலை. அறைகளைக் குறுக்குமறுக்காக வரிசைப்படுத்தினால் பூஜ்யங்கள் எல்லாம் கடைசியில் ஒன்றாகச் சேரும். 'இதற்குமேல் எல்லாம் பூஜ்யம்' என்று ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். எஞ்சிய எண்களுக்கு, அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறியும் அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியும் தருவார்கள். தினமும் வருகிறவனை 'டேய்' என்பதும், வருடத்துக்கு ஒருமுறை வருகிறவரை முழுப் பெயரோடும் பட்டத்தோடும் அழைப்பதும் நம் வழக்கத்திலேயே உள்ளதுதான். இதற்குக் கணித முறை வகுத்தவர் டேவிட் ஹஃப்மன். 1951-இல் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, இறுதித் தேர்வு எழுதுகிறீர்களா, ஒரு கட்டுரை எழுதித் தருகிறீர்களா என்று பேராசிரியர் கேட்டார். ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அதில் பிறந்தது இந்த முறை. தேர்விலிருந்து தப்பிக்க ஒருவர் கண்டுபிடித்தது, எழுபது ஆண்டுகளாகியும், தேர்வு எழுதத் துடிக்கும் லட்சோப லட்சம் பேரின் முகங்களைச் சுமந்து திரிகிறது.

சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் 'குவாலிட்டி' எண்ணைப் பலர் பரீட்சை மதிப்பெண்ணாக நினைத்துக்கொள்கிறார்கள். 100-க்குக் குறைந்தால் அவர்களுக்கு மனசு ஆறாது. அது சதவீதம் அல்ல; கண்டக்டரின் கறாரை ஏற்றி இறக்கும் திருகு. பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் 50 என்று வைத்தால் மேலே சொன்ன அட்டவணை அப்படியே. 75 என்றால் எண்கள் பாதியாகும்: 16 என்பது 8, 99 என்பது 50. 90 என்றால் ஐந்தில் ஒரு பங்கு: 3, 20. 90-க்கும் 100-க்கும் நடுவே கோப்பின் எடை தாவிக் குதித்து ஏறும். கண்ணுக்குத் தெரியும் லாபமோ அநேகமாக ஒன்றும் இல்லை. குடும்பப் படங்களுக்கு 85 சுற்றுவட்டாரம் நிம்மதியான இடம். 50-க்குக் கீழே போனால் கட்டங்கள் தலைகாட்டத் தொடங்கும், எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் ஒரு கலங்கல் தோன்றும். கொசு என்பது இங்கே வருணனைக்காகச் சொன்னதல்ல. அந்தத் துறைக்காரர்களே அதைக் கொசு இரைச்சல் என்றுதான் அழைக்கிறார்கள்.

ஒரே அளவு, ஒரே குவாலிட்டி எண் இருந்தும் ஒருவர் படம் 18 கே.பி., மற்றவர் படம் 40 கே.பி. என்று வருவதுண்டு. இதில் சாதி, மதம், சிபாரிசு எதுவும் இல்லை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றவர் படத்தில் பெரும்பாலான அறைகள் பூஜ்யம். கல்யாண மண்டபத்தில் செவ்வந்தித் தோரணத்துக்கு முன்னால் நின்றவருக்கு ஒவ்வோர் இதழுக்கும் எண் எழுத வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படமும் இப்படித்தான். இருட்டில் கேமரா தானாகச் சேர்க்கும் மணல் போன்ற புள்ளிகளையும் ஜேபெக் பயபக்தியோடு பதிவு செய்யும். பகல் வெளிச்சத்தில் வெற்றுச் சுவர் முன் நிற்பதுதான் இலவசமாகக் கிடைக்கும் சிறந்த கம்ப்ரஸ் மென்பொருள்.

தொலைந்த சில்லறை திரும்பாது என்பதால், சுருக்கிய படத்தை எடுத்து மறுபடி வேலை செய்வது ஆகாது. இங்கே ஒரு மூடநம்பிக்கையையும் விலக்க வேண்டும்: படத்தைத் திறந்து பார்ப்பதாலோ பென் டிரைவில் நகலெடுப்பதாலோ அது தேயாது. திருத்தி மறுபடி சேமிக்கும்போதுதான் தேயும். அதிலும் ஓரத்தை வெட்டிச் சேமித்தால் 8-க்கு 8 கட்டங்களின் எல்லை நகர்ந்துபோய், பழைய கட்டத்தின் விளிம்பு புதிய கட்டத்தின் நடுவில் விழும். கண்டக்டர் முதலிலிருந்து வசூலைத் தொடங்குவார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் தாத்தா படத்துக்கு நேர்வது இதுதான். அத்தை அனுப்புகிறார், சித்தப்பா ஓரம் வெட்டுகிறார், பேரன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து 'மிஸ் யூ தாத்தா' எழுதுகிறான், அதை அத்தை மறுபடி எடுத்து மாலை போடுகிறார். நான்காம் சுற்றில் தாத்தாவின் மீசை, மீசை இருந்த இடத்தைக் குறிக்கும் ஒரு பொதுவான கருத்தாக மாறிவிடுகிறது. அனுப்பும்போது டாக்குமென்ட் என்ற வகையில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைத் தொடாது, 2023-இல் எச்.டி. என்ற பொத்தானும் வந்தது, அது கொஞ்சம் கருணையோடு சுருக்கும். மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேவைக்கும் அதிலிருந்தே புதிதாக ஒரு பிரதி எடுப்பது சுத்தமான வழி.

படங்கள் எல்லாம் ஜேபெக்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எழுத்து, கோடு, வரைபடம், ஸ்கிரீன்ஷாட் இவற்றுக்கு, ஒரு புள்ளியையும் தொலைக்காத பி.என்.ஜி. பொருத்தம். முகத்துக்கு அது பொருந்தாது; எதையும் தூக்கிப்போட மனமில்லாத வீட்டுப் பரண் போல எடை ஏறிவிடும். ஐபோன்கள் 2017-இல் ஐ.ஓ.எஸ். 11 வந்ததிலிருந்து எச்.இ.ஐ.சி. என்ற வகையில் சேமிக்கின்றன. பாதி இடத்தில் அதே தரம் என்று அதற்குப் பெருமை உண்டு. விண்ணப்பத் தளங்கள் பலவற்றில் அந்தப் பெருமை செல்லாது. உடனே விண்ணப்பதாரர் கோப்பின் வாலில் உள்ள எழுத்தை மட்டும் அழித்து ஜே.பி.ஜி. என்று எழுதிப் பார்ப்பார். நியூமராலஜிப்படி பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் ஜாதகம் மாறும் என்று நம்பும் மண்ணில் இது இயல்பான முயற்சி. கணினிக்கு நியூமராலஜி தெரியாது. ஒழுங்காகத் திறந்து, வேறு வகையாகச் சேமித்தால்தான் மாறும்.

சான்றிதழ்களைச் சுருக்கும்போது கூடுதல் கவனம் தேவை. முகம் கொஞ்சம் மங்கினால் முகமாகவே இருக்கும், எண் மங்கினால் வேறு எண்ணாகிவிடும். 2013 ஆகஸ்டில் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார். ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, 21.11 சதுர மீட்டர் இருந்த அறை 14.13 என்று வெளிவந்தது. மங்கலாக இல்லை, பளிச்சென்று தவறாக வந்தது. அந்த இயந்திரம் பயன்படுத்திய ஜேபிக் 2 என்ற சுருக்கமுறை, ஒன்றுபோலத் தோன்றும் துண்டுகளை ஒரே துண்டாகக் கருதி, ஒன்றின் படத்தையே மற்றதற்கும் ஒட்டிவிடும். வேறு தாள்களில் ஆறும் எட்டும்கூட அதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது. மதிப்பெண் பட்டியலில் 66 என்பது 88 ஆனால் மகிழலாமே என்று தோன்றலாம். 88 என்பது 66 ஆகவும் அதே வாய்ப்பு உண்டு.

கோப்புக்குள் படத்தோடு வேறு சரக்கும் பயணம் செய்யும். எடுத்த தேதி, நேரம், கேமரா பெயர், சில சமயம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஒரு குட்டி முன்னோட்டப் படம் எல்லாம் எக்ஸிஃப் என்ற மூட்டையில் இருக்கும். நான்கு எம்.பி. படத்தில் இது பொருட்டல்ல, 50 கே.பி.க்கு மல்லுக்கட்டும்போது இந்த மூட்டையை இறக்கினாலே சில கே.பி. மிச்சமாகும். ஆனால் இறக்குவதற்கு முன் படத்தை நிமிர்த்திச் சேமிக்க வேண்டும். கைபேசிகள் பல, படத்தைப் படுக்கவைத்தே சேமித்து, 'நிமிர்த்திப் பார்க்கவும்' என்ற குறிப்பை மட்டும் அந்த மூட்டையில் போட்டுவைக்கின்றன. மூட்டை போனால் குறிப்பும் போகும். விண்ணப்பதாரர் சயனத் திருக்கோலத்தில் ஹால் டிக்கெட்டில் எழுந்தருள்வார். இன்னொரு சின்ன வில்லங்கம்: சிலருக்கு ஒரு கே.பி. என்றால் 1000 பைட், சிலருக்கு 1024. கணினி 50 என்று காட்டியதைத் தளம் 51 என்று சொல்லித் திருப்பி அனுப்பும். 45-இல் நிறுத்திக்கொள்வது வீட்டுக்கு நல்லது.

வேலைக்கான கருவிகள் எல்லாம் இலவசம். இர்ஃபான்வியூ, கிம்ப் இரண்டும் கணினியிலேயே இருந்து வேலை செய்யும். ஸ்குவூஷ் உலாவிக்குள் திறந்தாலும் படத்தை வெளியே அனுப்பாமல், முன்பு எப்படி, பின்பு எப்படி என்று நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தால் விண்ணப்ப நேரமே முடிந்துவிடும். '20 கே.பி. ஆக்கித் தருகிறோம்' என்று அழைக்கும் முகம் தெரியாத தளத்தில் ஆதார் அட்டையை ஏற்றுவது, ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பர்ஸைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவதற்குச் சமம்.

இத்தனையும் சரியாகச் செய்தவருக்கு ஒரு கடைசிச் சோதனை உண்டு. வெள்ளைச் சுவர், சரியான வெட்டு, 200-க்கு 230, குவாலிட்டி 80 என்று வரிசை பிசகாமல் வந்தால் படம் 9 கே.பி. ஆகிவிடும். தளம் சிவப்பு எழுத்தில் சொல்லும்: 20 கே.பி.க்குக் குறைவு. ஒரு மணி நேரம் இளைக்கப் பாடுபட்டவரை எடை போதாது என்று திருப்பி அனுப்பும் இடம் உலகில் வேறெங்கும் இல்லை. குவாலிட்டி எண்ணை 95-க்கு மேல் ஏற்றினால் இது தீரும். கையெழுத்தில் தீராது. அதற்குப் பரிந்துரைக்கும் அளவு 140-க்கு 60. மொத்தமே 8,400 புள்ளிகள், சுருக்காமல் அப்படியே வைத்தாலும் 25,200 பைட். கேட்பதோ 10 முதல் 20 கே.பி. வெள்ளைத் தாளில் ஒரு நீலக் கிறுக்கலை ஜேபெக் மூன்று, நான்கு கே.பி.யில் மடித்துக் கையில் கொடுத்துவிடும். பத்தை எட்ட வேண்டுமானால் குவாலிட்டியை உச்சிக்கு ஏற்றி, புள்ளிகளையும் கூட்ட வேண்டும். அனுபவமுள்ள பிரவுசிங் சென்டர்க்காரர் அதைவிட எளிய வழி வைத்திருக்கிறார்: 'சார், இன்னொரு தடவை போடுங்க. கொஞ்சம் பெரிசா, நீட்டி முழக்கிப் போடுங்க.'

இப்படிப் பேணிக் காத்த 46,000 புள்ளிகளும், சிதையாத குங்குமமும், அகலமாகாத கன்னமும் ஹால் டிக்கெட்டில் ஏறி, தேர்வுக்கு முந்தைய நாள் அதே பிரவுசிங் சென்டரில், டோனர் தீரப்போகும் கருப்பு வெள்ளை பிரின்டர் வழியாக வெளியே வருகின்றன. மறுநாள் காலை, தேர்வு மைய வாசலில் நிற்கும் கண்காணிப்பாளர் தாளில் உள்ள கருப்புத் திட்டையும் எதிரே நிற்பவரையும் இரண்டு முறை மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு கேட்கிறார்: "ஆதார் கார்டு கொண்டுவந்திருக்கீங்களா?"